காலண்டர் அம்மனின் நிறம்

அப்பாவிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. சட்டைப்பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது, இரும்புச் சட்டத்தில் பதித்தது. 'லென்ஸ்' என்றுதான் சொல்வார். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மிஷினிலிருந்து ஷீட் வெளியே வந்ததும் அதன்மேல் லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பார். புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸை எடுத்து, சுவரில் தொங்கிய காலண்டர் அம்மனின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் புள்ளிகள், ரோஸ் புள்ளிகள், இடையிடையே வெள்ளைக் காகிதம். நீலம் எங்கோ ஒன்றிரண்டு. கறுப்பு ஒன்றுகூட இல்லை. லென்ஸைப் புருவத்துக்கு நகர்த்தினேன், அங்கே கறுப்பு இருந்தது. கூந்தலில் இருந்தது. கண்மணியில் இருந்தது. காலடியில் கிடந்த அசுரனின் உடம்பு முழுக்க இருந்தது. அம்மனின் முகத்தில் மட்டும் இல்லை. அப்புறம் லென்ஸை என் முழங்கையில் வைத்தேன். புள்ளிகள் எதுவும் தெரியவில்லை, தோலின் ரேகைகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன.

"ஏம்ப்பா, அம்மன் மூஞ்சில கறுப்பே இல்ல?"

"மூஞ்சில கறுப்பு ஏறினா அழுக்காத் தெரியும்மா" என்றார்.

அது அவர் கற்றுக்கொண்ட தொழில் பாடம். மஞ்சளும் மெஜந்தா என்கிற ரோஸும் சேர்ந்தால் சதை. அதில் சியான் என்கிற நீலம் கொஞ்சம் கூடினாலே, ஆர்டர் கொடுத்த பார்ட்டி மாதிரிக்கு அடித்த புரூஃபைத் திருப்பி அனுப்பிவிடுவார். கறுப்பு பிளேட் கோட்டுக்கும் நிழலுக்கும்தான். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார். எத்தனை முறை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மை போகாத கை. அவரும் கறுப்பு, நானும் கறுப்பு. அந்த ஒரு வார்த்தையை, 'அழுக்கு' என்பதை, நான் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பெண்ணின் அழகைச் சினிமாவும் விளம்பரமும் தீர்மானிக்கின்றன என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலண்டர்தான் நினைவுக்கு வரும். சினிமா வாரத்துக்கு ஒரு முறை. விளம்பரம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். காலண்டர் அப்படியில்லை. வருடம் 365 நாளும் அடுப்படிச் சுவரில், பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதப்பட்டு, கண்ணெதிரே தொங்கும். காலையில் எழுந்ததும் கையெடுத்துக் கும்பிடுகிற முகம் அது. அழகு என்றால் இந்த நிறம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் கருவறையில் நிற்பவள் கருங்கல்லில்தான் நிற்கிறாள். எண்ணெய்க் காப்பு சாற்றி, ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்தக் கறுப்பில் ஒரு பளபளப்பு வரும். சிவகாசியின் ஊர் அம்மன் பத்ரகாளி, பெயரிலேயே கறுப்பு இருக்கிறது. அவளைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சுவரில் இருப்பவள் ரோஸ். இரண்டும் ஒருத்திதான் என்று நம்புவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

ஒரே ஒரு முறை இது தடம் மாறியது. சிவகாசியில் புது வருட காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்கு முந்தின மாதங்களில் அச்சகத்தில் இரவு பகல் தெரியாது. அப்படி ஒரு ராத்திரியில் மை கூடிப்போய், இருபது முப்பது ஷீட்டில் அம்மன் கருத்து வந்துவிட்டாள். வேஸ்ட் ஷீட். அந்த மாதிரி ஷீட்டுகளைத்தான் நாங்கள் நோட்டுக்கு அட்டை போடுவோம், அதனால் அப்பா ஒரு சுருள் கொண்டுவந்தார். அம்மாச்சி அதில் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "இவதாண்டி நம்ம ஆத்தா மாதிரி இருக்கா" என்றாள். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கெட்டுப்போன படத்தைச் சாமின்னு ஒட்டுறாகளே" என்று ரொம்ப நாள் முணுமுணுத்தாள். புகை படிந்து படிந்து அந்தப் படம் கடைசியில் சுவரோடு சுவராகிவிட்டது.

இந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் கேரளத்துக் கிளிமானூர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ரவி வர்மா 1848ல் அங்கே பிறந்தவர். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் நம் தெய்வங்களை வரைந்தார். வரைந்ததோடு நின்றிருந்தால் அரண்மனைச் சுவர்களோடு போயிருக்கும். 1894ல் பம்பாயில் கல்லச்சு இயந்திரங்களை வைத்து அச்சகம் தொடங்கினார். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று கல் கல்லாக மை ஏற்றி லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தார்கள். கோயிலுக்குள்ளேயே விடப்படாத மக்களின் வீட்டுக்குள்ளும் சாமி வந்தது அந்தத் தாள்களால்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் வந்த லட்சுமி மேல்சாதி வீட்டுப் பெண் போலப் புடவை கட்டி, வெயில் படாத தோலோடு வந்தாள். வயலிலும் சூளையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் நிற்கிற பெண்ணின் நிறம் அதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் அந்த வழியில் வந்த பெரிய பெயர் சி. கொண்டைய ராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்டவர், 1976ல் மறைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த மீனாட்சி, முருகன், லட்சுமி எல்லாம் சிவகாசியில் அச்சாகித் தென்னாடு முழுக்கப் போயின. அவருடைய அம்மன்களைப் பார்க்கும்போது எனக்கு நாடக மேடைதான் தெரியும். முன்னாலிருந்து முகத்தில் வெளிச்சம் விழும், பின்னால் திரை, கன்னத்தில் அரிதாரம் போல ஒரு சிவப்பு. எவ்வளவு அழகான முகங்கள். அந்தக் கருணையான கண்களைப் பார்த்து எத்தனை பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுதிருப்பார்கள். அதனால்தான் அந்த முகத்தின் நிறத்தைக் கேள்வி கேட்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது. நமக்குத் தீங்கு நினைக்காத ஒருவர், பக்தியோடு வரைந்து, நமக்குப் பிரியமானவர்கள் வாங்கி மாட்டிய படம் அது.

தமிழில் வெள்ளைத் தோலுக்கு நாம் சொல்லும் வார்த்தை 'சிவப்பு'. "பொண்ணு நல்லா செவப்பா இருக்கா." இன்னொரு வார்த்தை 'கலர்'. "மாப்பிள்ளையவிடப் பொண்ணு கலரா இருக்கா." கறுப்புக்குக் கலர் என்ற பெயர்கூடக் கிடையாது. நடுவில் இருப்பவர்களுக்கு மாநிறம். கல்யாணத் தரகர்கள் பாஷையில் புதுநிறம். கறுப்பு என்று எழுத வாய் வராதபோது எழுதுகிற வார்த்தை அது. என்னுடைய ஜாதகத்தோடு போன குறிப்பிலும் அதுதான் இருந்தது.

அந்த மாநிறத்தில் இருக்கும் 'மா'வைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கல்லூரியில் குறுந்தொகை நடத்தியபோது முதல் முறையாக 'மாமை' என்ற சொல்லைக் கேட்டேன். கருமை என்றும் பொருள், அழகு என்றும் பொருள். உரைகாரர்கள் மாந்தளிர் நிறம் என்பார்கள். மாமரம் துளிர்க்கும்போது பார்த்திருப்பீர்கள். பச்சையாவதற்கு முன்னால் செம்பும் கருமையும் கலந்து, மெழுகு தடவினாற்போல மினுங்கும் இலை. பெண்ணின் தோல் அப்படி இருக்கிறது என்று சொல்வதுதான் அங்கே பாராட்டு.

வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவரின் பாட்டு ஒன்று, குறுந்தொகையில் 27வது. நல்ல பசுவின் இனிய பால். அதைக் கன்றும் குடிக்கவில்லை, பாத்திரத்திலும் கறக்கவில்லை, தரையில் வீணாக ஒழுகிப்போகிறது. அதுபோல எனக்கும் ஆகாமல், என் தலைவனுக்கும் உதவாமல், என் 'மாமைக் கவினை'ப் பசலை தின்னப் பார்க்கிறது என்கிறாள் அந்தப் பெண். பசலை என்பது பிரிவுத் துயரில் தோல் நிறம் வெளிறிப்போவது. வகுப்பில் எல்லோரும் பால் உவமையை எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வெளிறிப்போவது அங்கே நோய். கருமைதான் அழகு. அதை இழந்துவிடுவேனோ என்று ஒருத்தி பயப்படுகிறாள். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் கறுப்பை இழப்பதற்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

பரணரின் பாட்டில் பசலை ஊருணியில் படரும் பாசி போன்றது. காதலன் தொட்ட இடத்தில் விலகும், கையெடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். திருக்குறளில் பசலைக்கென்றே ஒரு அதிகாரம், பசப்புறு பருவரல், பத்துக் குறள். அதில் ஒன்று என்னை இன்றைக்கும் நிறுத்திவைக்கும்: 'விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல் கொண்கன் முயக்கற்றம் பார்க்கும் பசப்பு.' விளக்கு எப்போது அணையும் என்று இருட்டு காத்திருப்பது போல, தழுவல் எப்போது நெகிழும் என்று பசலை காத்திருக்கிறதாம். எதை எதற்கு உவமை சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். வெளிறிய நிறம்தான் இருட்டு. கறுத்த அழகோடு அவள் இருக்கும் நேரம் விளக்கு எரியும் நேரம்.

இதை வைத்து, அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொன்போன்ற மேனியைப் பாடிய பாட்டுகளும் நம்மிடம் நிறைய உண்டு. குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதும் மஞ்சள் பூசிக் குளிக்கச் சொல்வதும் எந்தக் கம்பெனியும் வந்து சொல்லிக்கொடுத்தது அல்ல. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை எடுத்துக்கொண்டால், நிறத்தை விட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் தென்னை ஓலையை அளவாக மடித்துக் குறித்துக்கொண்டுதான் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். தாளம் என்பது அவர்கள் அளவு, எத்தனை தாளம், எத்தனை அங்குலம் என்று தேவியின் உயரத்துக்கும் முகத்துக்கும் கணக்கு உண்டு. ஒசிந்து நிற்கும் அந்த உமையின் இடுப்பு எந்தப் பெண்ணுக்கும் இருந்திருக்காது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புச் சிலைக் கூடத்துக்கு என் மகளைக் கூட்டிப்போனபோது அவள் முதலில் கேட்டது, "இவங்க சாப்பிடுவாங்களாம்மா?" என்றுதான். சரியான கேள்வி. ஆனாலும் இரண்டாவது சுற்று வரும்போது ஒரு பார்வதிக்கு முன்னால் நின்று, தன் கையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிலையின் கைக்கு நேராக வைத்துப் பார்த்தாள். செம்பு கருத்துப்போன நிறமும் அவள் கை நிறமும் ஏறக்குறைய ஒன்று. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு இருபத்து மூன்று வயதில் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் போட்டோ அனுப்ப வேண்டும். ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, நாலு பக்கமும் லைட் போட்டு எடுத்தார் போட்டோக்காரர். பெரியவர், அன்பானவர். எடுத்து முடித்ததும் என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார். "கொஞ்சம் லைட்டா டச் பண்ணிரவாம்மா?" அம்மா உடனே தலையாட்டினாள். நான்கு நாள் கழித்து வந்த படத்தில் என் மூக்கு இருந்தது, என் காதுத் தோடு இருந்தது, என் புடவை இருந்தது. நிறம் வேறு யாருடையதோ. அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னை ஏறிட்டுப் பார்த்த அந்த ஒரு நொடி இருக்கிறதே, அவர்கள் கண் என் முகத்திலிருந்து அம்மாவின் முகத்துக்குப் போய்த் திரும்பி வந்த அந்த நொடி. பஜ்ஜி சாப்பிட்டார்கள். போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். அம்மாச்சி அன்று ராத்திரி என் முடியைக் கோதிக்கொண்டே, "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்றாள். அடிப்பிடித்த சோற்றின் ருசியை நன்றாக அறிந்தவள் அவள், மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பழமொழியை அழுதுகொண்டிருக்கும் பெண்ணைத் தவிர வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

போட்டோ என்பது உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நினைத்திருந்தேன். கலர் பிலிமுக்கும் ஒரு நிறம் பிடித்திருந்தது என்பதைப் பின்னால்தான் படித்தேன். கோடாக் கம்பெனி தன் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி என்பது முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயர், அதனால் அந்த அட்டைக்கே ஷெர்லி கார்டு என்று பெயர் நிலைத்தது. அவள் தோல் சரியாக வந்துவிட்டால் கலர் சரி. கறுத்த முகங்கள் அந்தப் பிலிமில் விவரமே இல்லாமல் அப்பிக்கொண்டு விழுந்தன. பழுப்பின் நுணுக்கத்தை அந்தப் பிலிம் பிடிக்கவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் விற்பவர்களும் புகார் சொன்ன பிறகுதான் அதைத் திருத்துவதில் வேகம் வந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுஷ முகத்துக்காக அல்ல, மேஜைக்கும் மிட்டாய்க்கும். அதைப் படித்த அன்று அப்பாவின் புரூஃப் ஷீட்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சினிமாவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்ததுதான். தமிழ் சினிமாவில் ஆணுக்குக் கறுப்பு ஒரு தடையாக இருக்கவில்லை. ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் நம் வீட்டுப் பிள்ளை என்று கொண்டாடினோம், அவர்கள் நிறமும் அந்தக் கொண்டாட்டத்தில் சேர்த்திதான். கதாநாயகிக்கு மட்டும் பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தோம். கிராமத்துக் கதை, வரப்பில் நடக்கிற பெண், கண்டாங்கிச் சேலை எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே இருக்கும் தோல் மட்டும் அந்த வெயிலைப் பார்த்தே இருக்காது.

விதிவிலக்குகள் எனக்குப் பெயர் பெயராக நினைவிருக்கின்றன, அவ்வளவு குறைவு என்பதால். சரிதா 1981ல் 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் கிராமத்துப் பெண்ணாக நின்றபோது அந்த முகம் எங்கள் தெருவில் குழாயடியில் பார்த்த முகம். அவ்வளவு பெரிய நடிகை. பிற்பாடு எத்தனையோ கதாநாயகிகளுக்கு அவர்தான் பின்னணிக் குரல் கொடுத்தார். திரையில் பளிச்சென்று ஒரு முகம் வாயசைக்கும், உள்ளிருந்து சரிதாவின் குரல் வரும். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் 2002ல் 'அழகி'. நந்திதா தாஸ். தலைப்பு அழகி, அதில் வருபவள் கறுப்பு. தியேட்டரில் என் பக்கத்து சீட்டில் இருந்த அக்கா ஒருவர் படம் முழுக்கச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கதைக்காகத்தான் அழுதிருப்பார். ஆனால் என் அழுகையில் பாதி அந்தத் தலைப்புக்காக. சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. 2013ல் அதன் முகமாக நந்திதா தாஸ் வந்தார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, அவர் ஏற்கெனவே எங்களுக்கு அதைச் செய்துவிட்டிருந்தார்.

கிரீம் கதைக்கு வருகிறேன். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975ல் வந்தது, என்னைவிடக் கொஞ்சம் மூத்தது. டப்பாவோடு நிற அட்டை ஒன்று வரும். ஒரே முகம் கறுப்பிலிருந்து வெளுப்பு வரை வரிசையாக, படிப்படியாக. அந்த வரிசையில் நான் எங்கே என்று கண்ணாடி முன் நின்று வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டையின் ஒரு ஓரத்திலும் நான் இல்லை. அவர்கள் காட்டிய கறுப்பே என் நிறத்துக்கு இரண்டு படி மேலே இருந்தது. விளம்பரத்தில் வேலை கிடைக்காத பெண்ணுக்கு வேலை கிடைக்கும், வேண்டாம் என்றவன் திரும்பி வருவான். 90களின் இறுதியில் சென்னைக் கம்பெனியின் 'ஃபேரெவர்' வந்தது, குங்குமப்பூவும் பாலும் போட்டது என்று. கர்ப்பத்தில் குடித்தது போதாதென்று முகத்துக்கும் அதையே கொண்டுவந்தார்கள். பாக்கெட்டாக, சில்லறைக் காசுக்கு, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் சனிக்கிழமை சம்பளத்தில் அதை வாங்கி ஒரு பாக்கெட்டை மூன்று நாள் வைத்திருப்பார்கள், ஓரத்தை மடித்து ஹேர்பின் குத்தி.

கிரீமோடு நின்றதா என்றால் இல்லை. என் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டாள். சீட்டு எதுவும் கேட்கவில்லை. முதல் மாதம் முகம் வெளுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் வெயிலில் போனால் எரிச்சல், கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, நிறுத்தினால் பரு பருவாகக் கிளம்பியது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 2018ல்தான் அரசாங்கம் இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. கல்யாணத்தன்று அழகுக் கலைக்காரப் பெண் அவள் முகத்தில் போட்ட பூச்சு கைக்கும் கழுத்துக்கும் பொருந்தவில்லை என்று, கழுத்தில் போட்டு, தோளில் போட்டு, கடைசியில் விரல் நுனி வரைக்கும் போட்டார். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் காலரில் அது ஒட்டிக்கொண்டது. படத்தில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

சட்டதிட்டங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 2014ல் இந்திய விளம்பரத் தர மன்றம் நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020ல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்தபோது இங்கேயும் அதன் அலை அடித்தது. கிரீமின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. கல்யாண இணையதளம் ஒன்று நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. அந்த டியூப் இப்போதும் அதே கடையில் அதே இடத்தில் இருக்கிறது. பெயர் மாறியது கடைக்காரருக்கே பழகவில்லை, "அந்தப் பழைய ஃபேர்தானம்மா" என்று எடுத்துக் கொடுக்கிறார்.

இப்போது என் மகளுக்குப் பதிமூன்று. அவளுக்குக் காலண்டர் ஒரு பொருட்டே இல்லை. அவள் கையில் போன். செல்ஃபி எடுத்தால் போன் தானாகவே முகத்தை வெளுக்கிறது, மூக்கைக் கொஞ்சம் ஒல்லியாக்குகிறது. யாரும் கேட்பதுகூட இல்லை. என் போட்டோக்காரராவது அம்மாவிடம் கேட்டார். அந்த 'பியூட்டி' வசதியை எங்கே அணைப்பது என்று நான் போனை வாங்கித் தேடினால், "விடும்மா, எல்லாருக்கும் அப்படித்தான் வரும்" என்கிறாள். ஒரு நாள் அவள் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த படத்தைக் காட்டினாள். ஐந்து பேரும் ஐந்து நிறம், எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்ட பிள்ளைகள். படத்தில் ஐந்து பேரும் ஒரே நிறம். அவளுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. காது கொஞ்சம் மந்தம், கண் இன்னும் கூர்மை. மகளின் பள்ளிக்கூட ஆண்டு மலரைக் கொண்டுபோயிருந்தோம். அதில் கோகோ அணி கோப்பையோடு நிற்கும் படம். மைதானத்தில், உச்சி வெயிலில், யாரோ ஆசிரியர் எடுத்தது. பேத்தியைப் பார்க்கும் முன்பே அப்பா தாளைத் தடவிப் பார்த்தார், ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பழக்கம். அப்புறம் உள்ளே போய் அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். சட்டத்தில் துரு ஏறியிருந்தது.

இரண்டாவது வரிசையில் நின்ற என் மகளின் முகத்தின் மேல் அதை வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலு புள்ளியும் விழுந்திருக்கு" என்றார். "கறுப்பு எவ்வளவு சுத்தமா உக்காந்திருக்கு பாரு. எந்த பிரஸ்ல அடிச்சாங்க?"

மகள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு, எனக்கு" என்று லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.